வருட வாசிப்பு இலக்கு: புத்தக எண்ணிக்கையா, நிமிடக் கணக்கா?

போன வருடம் வரை என் வாசிப்பு இலக்கு புத்தக எண்ணிக்கைதான். இந்த வருடம் நிமிடக் கணக்குக்கு மாறினேன். வாரத்துக்கு இத்தனை நிமிடம் படிக்க வேண்டும், எத்தனை புத்தகம் முடிந்தது என்று பார்க்கக் கூடாது, ஏற்பாடு அவ்வளவுதான். வருடம் முடியும் நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. இவை தவிர பக்கக் கணக்கு, முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொள்வது என்று இன்னும் இரண்டு வழிகள் உண்டு. அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் இங்கே இடமும் குறைவு. என் ஓட்டு நிமிடக் கணக்குக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணிக்கை இலக்கு ஏன் இத்தனை பிரபலம் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. எண்ணுவது சுலபம். வருடக் கடைசியில் ஒரு பட்டியல் கையில் இருக்கும், நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். வாசகர்கள் தாங்கள் படித்த புத்தகங்களைப் பதிவுசெய்யும் குட்ரீட்ஸ் தளம் 2011 முதல் வருடாவருடம் நடத்தும் வாசிப்புச் சவாலும் இதே முறைதான்: ஜனவரியில் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், டிசம்பருக்குள் அதைத் தொட வேண்டும். நிமிடக் கணக்கை ஐபோனின் மின்நூல் செயலியான ஆப்பிள் புக்ஸ் 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் கொண்டுவந்தது. அதில் நாமாக மாற்றாதவரை நாளுக்கு 5 நிமிடம், வருடத்துக்கு 3 புத்தகம் என்று இரண்டு இலக்குகளும் சேர்ந்தே இருக்கும். ஐந்து நிமிடம்தானா என்று முதலில் சிரித்தேன். இப்போது அந்த எண்ணை வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை வைத்தால் கை மெலிந்த புத்தகத்தைத் தேடிப் போகும் என்பதும் பழைய குறைதான், அதிகம் நீட்ட வேண்டாம். யுனெஸ்கோ 1964-இல் கொடுத்த வரையறைப்படி, அட்டையைக் கழித்து 49 பக்கமாவது இருந்தால் அது புத்தகம். அதற்குக் கீழே போனால் சிறுநூல். அந்தக் கணக்கில் 50 பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒன்று, 900 பக்க நாவலும் ஒன்று. அக்டோபர் மாதத்தில் எண் பின்தங்கியிருக்கும்போது எதை எடுப்போம் என்பது தெரிந்ததே. ஆனால் எண்ணிக்கையை நான் விட்டதற்கு இது காரணம் இல்லை. மெலிந்த புத்தகங்களில் நல்லவை ஏராளம். அவற்றைத் தேடிப் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்தான். ஒரு புத்தகத்தைப் பாதியில் கீழே வைப்பதற்கு இலக்கு என்ன அபராதம் போடுகிறது?

எண்ணிக்கையில் கணக்கு கறாரானது. 300 பக்கப் புத்தகத்தில் 200 பக்கம் படித்துவிட்டு வைத்தால் கிடைப்பது பூஜ்யம். அந்த 200 பக்கத்துக்குச் செலவான மாலைகளும் பூஜ்யம். மிச்சம் 100 பக்கத்தைத் தள்ளினால் முழுசாக ஒன்று கிடைக்கும். அப்புறம் யார் கீழே வைப்பார்கள்? புத்தகம் செத்துப்போய் வெகுநேரமாகியும் நாம் பக்கம் புரட்டிக்கொண்டிருப்போம். பிடிக்காத புத்தகத்தை வேகமாகப் படித்துவிடலாமே என்றால், அப்படி நடப்பதில்லை. பிடிக்காததைத்தான் மெதுவாகப் படிக்கிறோம். எடுக்கவே மனசு வராது, எடுத்தாலும் நாலு பக்கத்தில் கொட்டாவி வரும். இதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்ற பிடிவாதமும் சேர்ந்துகொண்டால் வாரக்கணக்கில் படிப்பே நின்றுபோகும். எண்ணிக்கை வைத்துப் படித்த வருடங்களில் எனக்கு விழுந்த பெரிய இடைவெளிகள் எல்லாமே இப்படி ஒரு புத்தகத்தின் நடுவில் விழுந்தவைதான். வேலை நெருக்கடியில் விழுந்தவை அவ்வளவு நீளம் இல்லை.

கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருக்கும் இந்தக் குணத்தை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியான ஆய்வில் ஒரு நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டை வைத்துச் சோதித்தார்கள். டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது தற்செயலாக அமைந்தது. சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசு மட்டும்தான் வேறு. புத்தகத்தில் இந்தக் குணம் ஏற்கெனவே எல்லாரிடமும் உண்டு: வாங்கிவிட்டோம், ஆரம்பித்துவிட்டோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். எண்ணிக்கை இலக்கு அதன் மேல் இன்னொரு பூட்டைப் போடுகிறது. படித்த பக்கங்களை எல்லாம் பிணையாக வைத்துக்கொண்டு, முடித்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறது.

நிமிடக் கணக்கில் இந்தப் பூட்டு கிடையாது. நாற்பது நிமிடம் படித்தால் நாற்பது நிமிடம் வரவு. புத்தகம் பிடித்ததா, முடிந்ததா, பாதியில் நின்றதா என்று கணக்கு கேட்பதில்லை. 60-ஆவது பக்கத்தில் வைத்துவிட்டு அதே நாற்காலியில் இன்னொன்றை எடுக்கலாம். இதன் பலன் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. சுலபமாக விட முடிகிறது என்றதும், ஆரம்பிக்கத் தைரியம் வந்தது. முன்பெல்லாம் பருமனான வரலாற்று நூலையோ எனக்குத் துளியும் பரிச்சயமில்லாத துறையின் நூலையோ எடுக்க யோசிப்பேன், முடிக்காவிட்டால் என்ன செய்வது என்று. இந்த வருடம் அப்படிப்பட்ட சிலவற்றை எடுத்தேன். சிலவற்றை விட்டேன், சிலவற்றில் மூழ்கிப்போனேன். விட்டதிலும் ஒன்றிரண்டு சில மாதம் கழித்துத் தாமாகவே கைக்கு வந்தன. விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

மறுவாசிப்புக்கும் இதே கணக்குதான். ஏற்கெனவே படித்த புத்தகத்தைத் திரும்பப் படித்தால் எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு கூச்சம் வரும். ஒரு கட்டுரைத் தொகுப்பில் மூன்றே மூன்று கட்டுரை படித்தால் அது எதிலும் சேராது. நிமிடத்தில் எல்லாமே சேரும். என் படிப்பில் எவ்வளவு பங்கு இப்படித் துண்டுதுண்டாக நடக்கிறது என்பது இந்த வருடம்தான் கண்ணில் பட்டது.

நிமிடக் கணக்கிலும் கோளாறு இல்லாமல் இல்லை. முதல் கோளாறு கடிகாரம். டைமரை எதிரில் வைத்தால் கண் அங்கேயே போகும். நல்ல கட்டத்தில் மணி அடித்தால் எரிச்சல், மோசமான கட்டத்தில் அடித்தால் நிம்மதி, இரண்டுமே படிப்புக்கு நல்லதில்லை. நான் டைமரைத் தூக்கிப்போட்டுவிட்டு, உட்காரும்போதும் எழும்போதும் மணியைப் பார்த்துத் தோராயமாக எழுதிவைக்கிறேன். இரண்டாவது, கண் மட்டும் வரியில் இருந்து மனசு எங்கோ போன நேரமும் கணக்கில் ஏறிவிடும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. மூன்றாவது, செயலிக்குத் தனக்குள் படிப்பது மட்டும்தான் தெரியும். காகிதப் புத்தகத்தோடு கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதன் கண்ணுக்கு வெறும் பூஜ்யம். இரண்டு விதமாகவும் படிப்பவர்கள் ஒரு நோட்டில் எழுதிவிடுவதே நல்லது.

நான்காவது கோளாறு கொஞ்சம் பெரியது: ஒரு நாள்கூட விடாத தொடர் கணக்கு. சில செயலிகள் இத்தனை நாளாகத் தொடர்ந்து படிக்கிறீர்கள் என்று காட்டிக்கொண்டே வரும். ஒரு நாள் தவறினால் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எண்ணிக்கையில் புத்தகம் பிணை என்றால் இங்கே நாள் பிணை. காய்ச்சலோடு இரவு பதினொன்றரை மணிக்கு இரண்டு பக்கம் புரட்டுவது யாருக்காக? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவரது குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று பலரும் மேற்கோள் காட்டுவது அதிலிருந்துதான். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுபடும் என்று அதே ஆய்வு சொன்னதை யாரும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. நமக்கு வேண்டியது அதன் இன்னொரு முடிவு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அவர்கள் பார்த்தது உணவு, குடிநீர், உடற்பயிற்சி சார்ந்த பழக்கங்களை, வாசிப்பை இல்லை. அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் தினக்கணக்கை வாரக்கணக்காக மாற்றிக்கொள்ள எனக்கு அது போதுமான தைரியம் கொடுத்தது. இரண்டு நாள் ஒன்றும் படிக்காமல் சனிக்கிழமை நெடுநேரம் படித்தாலும் வாரம் சரியாகிவிடும்.

நேரத்தை எண்ணினால் மொத்தத்தில் குறைவாகப் படிப்போமா என்ற சந்தேகம் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்க் பிரிஸ்பேர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2019-இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆங்கிலத்தில் கட்டுரை வகை எழுத்தை வாய்விடாமல் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல் என்று வந்தது. நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 7,000 சொல்லுக்குக் கொஞ்சம் மேல். வருடத்துக்கு 26 லட்சம். 80,000 சொல் உள்ள புத்தகமாகப் பார்த்தால் முப்பத்திரண்டு வரும். தமிழில் ஒரே சொல்லுக்குள் பல உருபுகள் ஏறி நீண்டுபோவதால் அந்த வேகம் நமக்குப் பொருந்தாது, சொல் எண்ணிக்கையும்தான் குறையும். எப்படியோ, அரை மணி நேரம் என்பது பார்வைக்குத்தான் சிறியது.

பக்கக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்களில் புத்தகம், பக்கம், மணிநேரம் என மூன்று வகையிலும் இலக்கு வைக்கலாம். பாதியில் விடுவதற்கு அபராதம் இல்லை என்பதில் பக்கமும் நிமிடமும் ஒன்றுதான். வித்தியாசம் கனமான பக்கத்தில் வருகிறது. ஒரு கவிதைக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் பக்கக் கணக்கில் கிடைப்பது ஒன்றுதான், அதனால் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போகும். மின்நூலில் எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் பக்கமே வேறாகிவிடும் என்ற தலைவலி தனி. நாவல்களாகவே, அதுவும் காகிதத்திலேயே படிப்பவர்களுக்கு இது சரியாக வரலாம்.

பட்டியல் முறை, அதாவது இந்த வருடம் இன்னின்ன புத்தகம் என்று ஜனவரியிலேயே எழுதிவைப்பது, எனக்கு ஒத்துவரவில்லை. ஜனவரியில் இருந்த ஆர்வம் ஆகஸ்டில் இருப்பதில்லை. ஆனால் நான் இதைப் பாதி வருடம்கூட ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை, என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே காலகட்டத்தின் வரலாற்றையோ ஒரே எழுத்தாளரையோ வரிசையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு நிமிடக் கணக்கு உதவாது, பட்டியல்தான் வேண்டும். ஒலிநூல் பற்றியும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட ஒரு மணி நேரம், உட்கார்ந்து படித்த ஒரு மணி நேரத்துக்குச் சமமா? இப்போதைக்குத் தனியாக எழுதிவருகிறேன், கூட்டலில் சேர்க்கவில்லை.

எண்ணிக்கை யாருக்கு நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் புத்தகத்தை ஆரம்பித்து ஒன்றைக்கூட முடிக்காதவர்களுக்கு, பாதியில் விட அபராதம் போடும் இலக்குதான் மருந்து. அவர்கள் நிமிடக் கணக்குக்குப் போனால் வருடம் முழுக்க முதல் அத்தியாயங்களாகவே படித்துக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு. வருடத்துக்கு ஆறு புத்தகம் மாதிரி சின்ன எண்ணாக வைத்தால் பிணை பாரமாகவும் இருக்காது. வருடக் கடைசிப் பட்டியலின் சந்தோஷமும் பொய் இல்லை. நிமிடக் கூட்டலை வைத்துக்கொண்டு யாரிடமும் பெருமையடிக்க முடியாது, எனக்கே அது கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த வருடத்துக்கும் வார நிமிடம்தான், ஒரே ஒரு சேர்க்கையோடு. விட்ட புத்தகங்களுக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல்: பெயர், விட்ட பக்கம், ஏன் விட்டேன் என்று ஒரு வரி. இந்த வருடம் பாதியிலிருந்து அதை எழுத ஆரம்பித்தேன். எழுதிய காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால், புத்தகம் மோசம் என்பதைவிட "தூக்கக் கலக்கத்தில் ஆரம்பித்தது" என்பதே அதிகம் இருக்கிறது. கனமான புத்தகங்களைக் காலைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.