மொட்டை மாடியில் முழுவானக் கேமரா: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எரிநட்சத்திரம் பிடிக்க முழுவானக் கேமரா வைக்கலாமா என்று கேட்பவர்களிடம், எத்தனை எரிநட்சத்திரம் வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்பேன். நிறைய வேண்டுமென்றால் இது சரிப்படாது. ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும், ஆனால் ஊரே பேசும் பெரிய நெருப்புக்கோளம் ஒன்று போனால் அதுவும் தப்பக்கூடாது என்றால் தாராளமாக வைக்கலாம்.

என்னுடையது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், மாடித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு கம்பத்தில் நிற்கிறது. ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி, சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார் கொண்ட எச்க்யூ கேமரா, வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் 1.55 மி.மீ. மீன்கண் லென்ஸ், மேலே அக்ரிலிக் குமிழ், எல்லாவற்றையும் மூட ஒரு பிவிசி குழாய். ஆல்ஸ்கை என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. பொருத்துவது பெரிய வேலை இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஃப்/2 என்று போட்டிருப்பதைப் பார்த்து, எண் சின்னது, ஒளி நிறைய வரும் என்று மயங்க வேண்டாம். 1.55-ஐ 2-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வழி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை ஆறேழு மில்லிமீட்டர் விரியும். எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி சேர்க்கும் நேரத்தை, கூட்டினால் போயிற்று என்று தோன்றும். நட்சத்திரத்துக்கு அது சரி, முப்பது வினாடி வைத்தால் அத்தனை நேரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். எரிநட்சத்திரமோ ஒவ்வொரு பிக்ஸலையும் கண்ணிமைப்பதற்குள் தாண்டிவிடுகிறது. 60 வினாடி வைத்தாலும் அதன் கோடு கூடுதலாகப் பிரகாசிக்காது, பின்னால் இருக்கும் வானம்தான் வெளுத்துக் கோட்டை விழுங்கும். நான் இப்போது 20 வினாடியில் நிறுத்திவிட்டேன். அப்படியும் பாய் போட்டுப் படுத்திருப்பவர் கண்ணில் படும் சின்னச் சின்னக் கீற்றுகளில் பெரும்பாலானவை இதில் விழுவதில்லை. எண்ணிக்கைதான் முக்கியம் என்பவர்கள் ஐஎம்எக்ஸ்291 மாதிரி சென்சாரும் குறுகிய பார்வை லென்ஸும் போட்டு, வினாடிக்கு 25 படம் என்று வீடியோவாகவே எடுப்பது நல்லது. பல நாடுகளில் கேமரா வைத்து எரிநட்சத்திரங்களைப் பதியும் குளோபல் மீட்டியோர் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

வேகமும் கணக்கில் வருகிறது. டிசம்பர் 13, 14 வாக்கில், கார்த்திகைக் கடைசியில் வரும் ஜெமினிட் எரிநட்சத்திரப் பொழிவு வினாடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகம்தான். ஆகஸ்டில் வரும் பெர்சீட் பொழிவு 59 கி.மீ. மெதுவாகப் போவது ஒரே பிக்ஸலில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குவதால் ஜெமினிட் கோடுகள் நன்றாக விழுகின்றன. அவை கிளம்பும் இடம் புனர்பூசத்துக்குப் பக்கம், ராத்திரி இரண்டு மணி வாக்கில் நம் தலைக்கு மேலே நன்றாக ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழை வழிவிட்டால் வருடத்தின் நல்ல படங்கள் அந்த இரண்டு மூன்று ராத்திரிகளில் வந்துவிடும். பெர்சீட் கிளம்பும் இடம் நம் ஊருக்கு வடக்கே தாழ்வாக நிற்கும், போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவ மேகம். அதை நான் கண்டுகொள்வதே இல்லை.

காலையில் முதலில் பார்ப்பது கியோகிராம். ஒவ்வொரு படத்தின் நடுப்பட்டையையும் வெட்டி வரிசையாக ஒட்டிய ஒரே நீளப் படம் அது. எப்போது மேகம் வந்தது, எப்போது நிலா இறங்கியது என்று பார்த்ததுமே தெரியும். தெளிந்த மணிகளின் படங்களை மட்டும் புரட்டினால் போதும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை ஓட்டிப் பார்த்தேன், மேகத்தின் ஓரத்தையும் விமானத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. கண்ணால் பிரிப்பது சுலபம். விமானம் புள்ளி புள்ளியாகப் போகும். செயற்கைக்கோள் அடுத்தடுத்த படங்களிலும் அதே பாதையில் தொடரும். எரிநட்சத்திரம் ஒரே படத்தோடு முடியும், இரு முனையும் மெலிந்திருக்கும், பல நேரம் தொடக்கத்தில் பச்சை தெரியும். ஏமாற்றுவது ஒன்றுதான்: சுழலும் செயற்கைக்கோள் ஒரு கணம் பளிச்சிட்டு அணைவது. முன்பின் படங்களைப் பெரிதாக்கி, அதே கோட்டில் மங்கலாக ஏதாவது நகர்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் சேமிப்பதில்லை.

தொந்தரவு என்றால் முதலிடம் பல்லிக்கு. குமிழின் வெதுவெதுப்புக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். வெளிறிய வயிறும், விரல் நுனிகளில் வரிவரியான பட்டைகளும் பாதி வானத்தை மறைத்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். காக்கைக்காகக் குமிழைச் சுற்றிச் சில கம்பிகளைச் செங்குத்தாக நட்டேன், உட்காருவது நின்றது. ஆடிக்காற்றில் புழுதி அப்பும், துடைக்கத் துடைக்க அக்ரிலிக்கில் கீறல் விழும், நிலா வந்ததும் அத்தனை கீறலும் ஒளிவட்டமாகத் தெரியும். வெயிலில் குமிழ் மங்கிப்போவதால் அதை மாற்றும் செலவு என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனிக்கு, குமிழுக்கு அடியில் ரெசிஸ்டர்களை வளையமாகப் பற்றவைத்து 12 வோல்ட் கொடுத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் சிக்கல் வேறு: சென்சார் சூடாகிப் படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி. லென்ஸை மூடி, வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்து வைத்த இருட்டுப் படங்களைக் கழித்தால் பெரும்பாலும் போய்விடும். அடிவானத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கும், அதற்கு மருந்தில்லை.

மெமரி கார்டில் ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் செத்துப்போகும். படங்களை எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

இதில் வரும் கோட்டை வைத்து எரிநட்சத்திரத்தின் உயரத்தையோ வேகத்தையோ சொல்ல முடியாது. 1959-இல் செக்கோஸ்லோவாகியாவில் ப்ரீபிராம் விண்கல் விழுந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்த கேமராக்கள் அதைப் பதிந்திருந்தன. லென்ஸுக்கு முன்னால் சுழலும் தடுப்பு கோட்டைத் துண்டு துண்டாக வெட்டியதால் வேகம் கிடைத்தது, அதிலிருந்து அது சூரியனைச் சுற்றிவந்த பாதையையே கணக்கிட்டார்கள். நம்மிடம் தடுப்பு இல்லை. ஆனால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வைத்தால் உயரமாவது கிடைக்கும். அதற்கு இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, இணையமும் இல்லாவிட்டால் நேரம் தப்பாகிவிடும். பேட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரத் தகடு ஒன்றை வாங்கிச் சொருகிவிடுங்கள், விலை பெரிதாக ஒன்றும் இல்லை.