சவுக்கா, வேலிகாத்தானா?

சென்னையில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைக்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்.

சவுக்கு நேராக இருக்கும். லாரியில் அடுக்கவும் பிளக்கவும் எளிது. சரியாகக் காயாவிட்டாலும் எரிந்துவிடும். ஆனால் செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்துத் தோப்புகளில் நான்கைந்து வருடம் வளர்ந்த மரத்துக்குக் காகித ஆலையும் சாரம் கட்டுபவர்களும் போட்டி. விலை ஏறாமல் என்ன செய்யும்?

வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், கோணல்மாணல், முள் வேறு. வெட்டுக்கூலி கையைக் கடிக்கும். இருந்தாலும் வெட்ட வெட்டத் துளிர்க்கிற சனியன், சரக்குக்குப் பஞ்சமில்லை. பிரியாணி மாஸ்டர்களுக்கு இதுதான் பிடிக்கும்: தணல் நெடுநேரம் நிற்கும், அதை அள்ளி தேக்சா மூடிமேல் பரப்பித்தான் தம் போடுகிறார்கள். டீக்கடைக்குச் சவுக்கு போதும்.

என் ஓட்டு வேலிகாத்தானுக்கே. ஐப்பசி மழைக்கு முன்னால் மட்டும் சரக்கைக் கூரைக்கடியில் ஏற்றிவிடுங்கள்.