மாருதி 800-ஐயே ஓட்டுவதா, தவணையில் புதுசு எடுப்பதா?

2014-லேயே தயாரிப்பு நின்றுபோன மாருதி 800, காரைக்குடிப் பக்கம் இன்னும் கண்ணில் படுகிறது. "வித்துட்டுப் புதுசு எடுங்கண்ணே" என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்கிறவரா தவணை கட்டப்போகிறார்?

5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். வருஷத்துக்கு ஒன்றே கால் லட்சம். கடன் அடையும்போது இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு பாதிதான்.

அந்த ஒரு வருஷத் தவணையில் பழசுக்கு கிளட்ச், பேட்டரி, நாலு டயர் மாற்றியும் கையில் காசு மிஞ்சும். ஆனால் கவனிப்பு வேண்டும். செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழற்றித் தட்டினாலே தெரியும். அதைவிட மோசம், ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம். உப்பு படிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் இருக்கும் அடைப்புத் தகடு) போகும். ரேடியேட்டருக்கான கூலண்ட் திரவம் ஊற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவும் உண்டு. 20 தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

பிள்ளையார்பட்டி, தேவகோட்டை, கல்யாண வீடு என்று சுற்றுகிறவருக்குப் பழசே போதும் என்பேன். பிள்ளைகளோடு அடிக்கடி சென்னை போகிறவர் யோசிக்கத்தான் வேண்டும்: 800-இல் ஏர்பேக் கிடையாது. அவருக்கும் புதுசுதான் என்றில்லை. நாலைந்து வருஷம் ஓடிய, ஏர்பேக் உள்ள செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கலாம்.