கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "லோன் கட்ட முடியவில்லையா? இனி இஎம்ஐ கட்டாதீர்கள். பாதி கட்டினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." கீழே ரிசர்வ் வங்கியின் சின்னம் மாதிரி ஒன்று, கறுப்புக் கோட்டு போட்ட ஒருவரின் படம், ஒரு வாட்ஸ்அப் எண். என் அக்கா வீட்டில் அந்த எண்ணுக்குப் போன் போட்டார்கள்.

கடன் வந்த கதை எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். மாமா குட்டி யானை ஓட்டுகிறார், பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லோடு. வீடு கட்டினார்கள், அத்தைக்கு ஆபரேஷன் நடந்தது, தக்காளி விலை விழுந்த வருஷம் வாடகை சரியாக வரவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். கடைசியில் கணக்குப் போட்டால் வங்கியில் பர்சனல் லோன் 4 லட்சம், வண்டிக் கடன் 2,60,000, நகைக்கடன் 1,80,000, கிரெடிட் கார்டு 1,10,000, அக்கா பேரில் இரண்டு குழுக்கடன் சேர்த்து 90,000, வாரத் தண்டல் 50,000. ஏறத்தாழ 11 லட்சம்.

அந்த ஆபீஸ் தருமபுரியில் ஒரு மாடியில் இருக்கிறது. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில் சட்டப் புத்தகங்கள். பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். பதிவுக் கட்டணம் 18,000. அப்புறம் மாதம் 7,000 அவர்கள் கணக்கில் கட்ட வேண்டும், அது 'செட்டில்மென்ட் நிதி'யாம். கடைசியில் தள்ளுபடியாகும் தொகையில் 15 சதவீதம் கமிஷன். நூறு ரூபாய் பத்திரத்தில் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காது, முயற்சி செய்வது மட்டுமே நிறுவனத்தின் பொறுப்பு என்று அதன் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் படித்துச் சொல்லவில்லை.

பிறகு மூன்று கட்டளை. எந்தக் கடனுக்கும் தவணை கட்டக் கூடாது. வங்கிக் கணக்கில் பணம் வைக்கக் கூடாது. சிம் கார்டை மாற்றிவிட வேண்டும், யார் கேட்டாலும் "எங்கள் வக்கீலிடம் பேசுங்கள்" என்று ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

மூன்றுமே குடும்பத்தைக் கவிழ்க்கிற வேலை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சைத்தான் எல்லாரிடமும் பேசுகிறார்கள்.

தவணையை நிறுத்தச் சொன்னபோது எந்தக் கடனுக்கு ஈடு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. பர்சனல் லோனுக்கு ஈடு கிடையாது. வண்டிக் கடனுக்கு வண்டியேதான் ஈடு. மூன்று தவணை நின்றதும் மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே வந்து சாவியைக் கேட்டார்கள். பாதித் தக்காளிப் பெட்டி வண்டியில், பாதி தரையில். அவசர அவசரமாக மீதியை இறக்கிக் கொடுத்துவிட்டு, மாமா பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். 'வக்கீல்' எண்ணுக்குப் போட்டால் ரிங் போய்க்கொண்டே இருந்தது. நிலுவை, அபராதம், பிடித்த வண்டியை நிறுத்திவைத்த யார்டுக்கு வாடகை எல்லாம் கட்டி வண்டியை மீட்பதற்குள் ஓட வேண்டிய சீசன் போய்விட்டது.

குழுக்கடன் இன்னும் மோசம். அதில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற பெண்களின் தலையில் விழும். மாடி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. பக்கத்துத் தெரு பெண்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கலெக்‌ஷன் ஆள் கத்தினால் போலீஸுக்குப் போகலாம், பத்து வருஷம் பழகியவளிடம் என்ன சொல்வது? (குழுக்கடன் கொடுத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே இந்தக் குழுக்கடன் மாதிரியான மைக்ரோஃபைனான்ஸுக்கு விதி போட்டிருக்கிறது. இரண்டாவது கடன் கொடுக்கும்போது அந்தக் கணக்கை யார் போட்டார்கள்?)

கணக்கில் பணம் வைக்காதே என்றது அடுத்த பொறி. தானாகப் பிடித்துக்கொள்ளும் தவணை பணமில்லாமல் திரும்பினால், ஒவ்வொரு முறையும் அபராதம் ஏறும். அதோடு முடியாது. செக் பவுன்ஸ் ஆனால் வழக்குப் போடுகிற மாதிரியே, பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 2007இன் 25ஆம் பிரிவில் இதற்கும் வழக்குப் போட வழி இருக்கிறது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. இந்த ஆலோசனையைக் கேட்டு நடந்தால் சிவிலில் இருந்ததை நாமே குற்ற வழக்காக மாற்றிக்கொள்கிறோம். மாமாவுக்கு அந்தப் பிரிவில் நோட்டீஸ் வந்தது.

சிம் மாற்றியதில் வந்த வினை நகை. நகைக்கடன் கெடு முடிந்ததாக வந்த மெசேஜ் எல்லாம் பழைய எண்ணுக்குப் போய்விட்டது. ஏலம் விடப்போவதாகப் பதிவுத் தபால் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. தபால்காரர் தெரிந்தவர், வீட்டில் ஆள் இல்லாதபோதும் திருப்பி அனுப்பாமல் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் நகையைக் காப்பாற்றியது.

அந்த ஆபீஸ் வங்கிக்கு எதுவுமே எழுதவில்லையா என்று கேட்டால், எழுதியிருந்தார்கள். நானும் மாமாவும் கிளைக்குப் போனபோது மேனேஜர் ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கம், நிறையச் சட்டப் பிரிவுகள். மூன்றாவது பத்தியில் மாமா பேருக்குப் பதில் வேறு யாரோ ஒருவர் பேர், கோயம்புத்தூர் கிளை என்று இருந்தது. யாருக்கோ அடித்ததை அப்படியே காப்பியடித்து, மேலே மட்டும் பேரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். 67,000 ரூபாய்க்கு மாமாவுக்குக் கிடைத்தது அந்த இரண்டு தாள். அந்தப் பணத்தில் சின்னக் குழுக்கடனை முழுசாக முடித்துவிட்டு, வண்டித் தவணையும் மூன்று மாதம் கட்டியிருக்கலாம். மேனேஜர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இதே மாதிரி லெட்டர் எங்களுக்கு நிறைய வருது சார். கஸ்டமர் நேரா வந்தாத்தான் நாங்க பேச முடியும்" என்றார்.

இதையெல்லாம் விட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நடுவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பர்சனல் லோன் விஷயமாக மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், ஆஜராகச் சொல்லி. கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் அக்கா பயந்துவிட்டாள். அந்த ஆபீஸில் கேட்டதற்கு, "போகாதீர்கள், போனால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்றார்களாம். லோக் அதாலத் என்பதே சமரசம் பேசத்தான். கோர்ட் கட்டணம் கிடையாது, தண்டனை கிடையாது, தொகை ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். வங்கி அதிகாரியே எதிரே உட்கார்ந்து எவ்வளவு குறைக்கலாம் என்று பேசுகிற இடம். இவர்கள் எதைச் செய்து தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினார்களோ, அது இலவசமாக நடக்கிற இடத்துக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறார்கள். போயிருந்தால் மாதம் 7,000 நின்றுபோயிருக்கும் இல்லையா?

அடுத்து நடந்த லோக் அதாலத்துக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரி நீதிமன்ற வளாகத்துக்குப் போனேன். கூட்டம் ஜேஜே என்று இருந்தது. வட்டியும் அபராதமும் சேர்ந்து 4,60,000 ஆகியிருந்ததை 3,10,000க்கு, ஆறு தவணையில் முடிக்க ஒத்துக்கொண்டார்கள். பேச்சு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே போடுகிற உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். மாமா பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றுகொண்டிருந்தார், காலை மிதித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த 3,10,000க்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்றால் நகையிலிருந்துதான். வட்டி கட்டிக் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போவதை விட்டுவிட்டு, மீட்டு விற்றுவிட்டோம். தங்கம் விற்கிற விலையில் நகைக்கடன் போக மிச்சம் கையில் நின்றது. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. பெரியவளின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த ஆரம் அது.

இப்போது வண்டித் தவணை முதலில், அப்புறம் குழு, அப்புறம்தான் மற்றது என்று போகிறது. கார்டு பாக்கி மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டியில் ஏறும் என்பதால் அதைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். தண்டல்காரர் அசலை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். 2003ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் வருகிறது என்று மெதுவாகச் சொன்னதில் குரல் இறங்கியது.

செட்டில்மென்ட் செய்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் விழும், 'குளோஸ்டு' என்று வராது. அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். வண்டி மாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வது என்று மாமா கவலைப்படுகிறார். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு யாரும் கடன் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இந்த மாதிரி ஏஜென்சிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி என்று எதுவும் கிடையாது. கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறோம் என்று கட்டணம் வசூலிப்பவர்களைப் பற்றி 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. அதனால் இவர்கள் மேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்க முடியாது. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தொல்லை கொடுத்தால் கொடுக்கலாம். முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம், விவரம் கேட்க 14448. குழுக்கடன்காரர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. இலவச வக்கீல் உதவிக்கு 15100.

எங்கள் 67,000க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் வருமா என்பது வேறு விஷயம். அந்த ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருக்கிறது, நேற்றுகூட என் போனில் அதே விளம்பரம் வந்தது. நீங்களும் கட்டியிருந்தால் அந்தப் பத்திரம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். தவணை கட்டாதே என்று சொன்ன வாய்ஸ் மெசேஜ்தான் எங்கள் மனுவில் பெரிய ஆதாரம்.