மழை ஊரில் ஆர்வி: சூவர்ட்டுக்கு நான்கு வருடமாகப் போய்வந்த அனுபவம்

இருபத்து நான்கு அடி ஆர்வியை (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அதில் நாங்கள் அதிகம் போனது, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்குத் தெற்கே 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூவர்ட்டுக்குத்தான். ஆறு முறை போனதில் ஐந்து முறை மழை. வெயிலடித்த அந்த ஒரு முறை பேட்டரி படுத்துவிட்டது.

ரெசரெக்‌ஷன் விரிகுடாவின் முனையில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே செருகி வைத்த மாதிரி ஊர். 1964 பூகம்பத்திலும் சுனாமியிலும் அதன் கடலோரப் பகுதி நாசமானது. இன்று அந்தக் கரையோரத்தில் நகராட்சியின் முகாம் திடல் இருக்கிறது. கடல் நீர்நாய் மல்லாந்து மிதப்பதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம், கண்ணாடி தெளிவாக இருந்தால்.

அது தெளிவாக இருக்காது என்பதுதான் சங்கதி. மேலே விழும் மழையைக் கூரை பார்த்துக்கொள்ளும். உள்ளே நாம் விடும் மூச்சும், ஈர ஜாக்கெட்டும், அடுப்பும்தான் தொல்லை. கேஸ் எரிந்தாலே நீராவி வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இழுத்து மூடினோம். மூன்றாம் நாள் மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

இப்போது கூரையில் காற்றுப் போகும் வென்ட்டுக்கு மேல் மழைமூடி போட்டு, இரண்டு விரல் திறந்து வைத்து, ஹீட்டரை ஓடவிடுகிறோம். அதன் புகை தனிக் குழாயில் வெளியே போவதால் உள்ளே ஈரம் சேராது. கேஸ் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் அலமாரிக்கு மட்டும்தான் லாயக்கு. ஆனிங்கை (வண்டியோரம் நிழலுக்கு இழுத்து விரிக்கும் துணிக்கூரை) விரித்தால் ஒரு முனையை நன்றாகத் தாழ்த்துங்கள். தண்ணீர் தேங்கினால் கம்பி வளைந்துவிடும்.

இரண்டாம் வருடம் வென்ட்டைச் சுற்றிக் காசளவு பழுப்பு வட்டம். பட்டறையில் ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நானே ஏறிப் இடுக்கை அடைக்கும் பழைய சீலண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினேன். அப்புறம் ஒழுகவில்லை.

மழை வலுத்தால் அலாஸ்கா சீலைஃப் சென்டர் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு நடந்தே போய்விடுவோம். 1989 எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்கான இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பங்கும் சேர்ந்து கட்டி, 1998இல் திறந்த இடம். அடிபட்ட சீல்களை, தாயைப் பிரிந்த குட்டிகளைத் தேற்றும் வேலையும் நடக்கிறது. எத்தனை முறை போனாலும் என் மகள் நிற்பது பஃபின் என்ற கடற்பறவைகளின் தொட்டியின் கீழ்க் கண்ணாடியில்தான். மேலே தத்தித் தத்தி நடக்கும் பறவை, முங்கியதும் சிறகடித்துத் தண்ணீருக்குள் பறக்கிறது. பின்னால் வெள்ளிக்கோடாகக் குமிழ்கள். பெரிய ஸ்டெல்லர் கடற்சிங்கம்கூட அவளுக்கு அப்புறம்தான்.

அங்கே இன்னொன்று எனக்குப் பிடித்தது. கை விறைக்கும் அந்த விரிகுடாத் தண்ணீரிலிருந்தே ஹீட் பம்ப் வைத்து வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்குகிறார்கள். நாங்கள் சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஊரில்!

குறை என்றால் கழிவுத்தொட்டியைக் காலி செய்யக் காத்திருப்பதும், வழியில் டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடல் கழியின் ஓரம் எதிர்க்காற்றில் பெட்ரோல் கரைவதும். அதற்கு வழியில்லை.

இந்த வருடம் மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலைத்தட்டு போட்டோம். செப்டம்பரில் நான்கு நாளும் விடாத மழை. கிளம்பும் காலையில் மெத்தையைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். பலகை காய்ந்தே இருந்தது.