‘மூணு லேயர் சீலன்ட்’ என்று சொல்லி வேக்ஸ் தேய்த்துவிட்டார்கள்: திருநெல்வேலி கார்க்காரர்கள் கவனத்துக்கு

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு வாட்டர் வாஷ் கடையில், என் கறுப்பு காருக்கு மூணு லேயர் பெயின்ட் சீலன்ட், அதாவது பெயின்டைக் காக்கிற பூச்சு, போடுவதாகச் சொல்லி 6,500 ரூபாய் வாங்கினார்கள். போட்டது சாதாரண வேக்ஸ். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேலை விஷயமாக ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று அடிக்கடி ஓடுகிற வண்டி. தேரிக்காட்டுச் செம்மண் புழுதி, கடற்கரை உப்புக் காற்று, வீட்டு வாசலில் வேப்ப மரத்துக் காக்கா எச்சம், இதற்கு நடுவே நம்ம ஊர் வெயில். வண்டியை நிறுத்த செட் எதுவும் கிடையாது. அதனால்தான் வேக்ஸ் வேண்டாம், சீலன்ட் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். “கவலையே படாதீங்க அண்ணாச்சி, ஒரு வருஷம் அசையாது” என்றார் கடைக்காரர்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கார் வேக்ஸில் பேர்போனது கார்னாபா. பிரேசில் நாட்டின் ஒரு வகைப் பனை மர இலையில் படிகிற மெழுகு அது. தனியாக இருந்தால் 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் கையால் தேய்க்கிற பதத்துக்கு வர எண்ணெயும் வேறு மெழுகும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். பளபளப்பு அருமையாக இருக்கும், ஆயுசு சில வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம். சீலன்ட் என்பது செயற்கை பாலிமர், பெயின்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒழுங்காகப் போட்டால் நாலு மாதம், ஆறு மாதம் தாங்கும். ஒரு வருஷம் என்றபோதே நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

காலையில் விட்ட வண்டியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருட்டு இங்கேதான் வெளிப்படுகிறது. சீலன்ட்டில் ஒரு கோட் போட்டால் அது இறுக நேரம் வேண்டும். பல சீலன்ட்டுக்கு அடுத்த கோட்டுக்கு முன்னால் அரை நாளோ ஒரு நாளோ விடச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரால் ஒட்டிய அழுக்கை எடுத்து, பாலிஷ் போட்டு, அந்தப் பாலிஷ் எண்ணெயும் துளி இல்லாமல் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீலன்ட் பெயின்டில் பிடிக்காது. இத்தனையும் முடித்து மூணு லேயரும் அரை நாளில் ஏறிவிட்டதாம்!

டெலிவரி எடுக்கும்போது என்னவோ கண்ணாடிதான். பானட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், முத்து முத்தாக உருண்டது. அதை நம்பாதீர்கள். புது வேக்ஸிலும் தண்ணீர் அப்படித்தான் உருளும்.

ஐப்பசி மழை கொஞ்சம் அடித்து, ஓரிரு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவியதும் சாயம் வெளுத்துவிட்டது. தண்ணீர் உருளவில்லை, தகடாகப் பரவி நின்றது. போர் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாய்ந்த வெயிலில் பானட்டைப் பார்த்தால் பழைய சிலந்திவலைக் கீறல்கள் அத்தனையும் அதே இடத்தில் இருந்தன. பாலிஷ் போட்டு எடுத்ததாகச் சொன்ன கீறல்கள் அவை. எடுக்கவில்லை, கீறலை நிரப்பி மறைக்கிற கிரீமைத் தடவியிருக்கிறார்கள். அது கழுவக் கழுவப் போய்விடும்.

கேட்கப் போனேன். வேலை செய்கிற தம்பி வேறொரு வண்டிக்கு மஞ்சள் பேஸ்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வட்ட டப்பா, மூடியில் கார்னாபா வேக்ஸ் என்று பெரிய எழுத்து. “இது என்ன தம்பி?” என்றேன். “மூணு லேயர் சீலன்ட், அண்ணாச்சி” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. முதலாளி மட்டும் சளைக்கவில்லை. “ரெண்டும் ஒண்ணுதான். நம்ம ஊரு வெயிலுக்கு எதுதான் நிக்கும், சொல்லுங்க?”

வேக்ஸை மூன்று தடவை தேய்த்தாலும் மூன்று மடங்கு ஆகாது. புதுக் கோட்டில் இருக்கிற கரைப்பான் பழைய கோட்டை இளக்கிவிடும், துடைத்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு கோட்தான். சீலன்ட்டில்கூட இரண்டாவது கோட் விட்டுப்போன இடத்தை மூடத்தான் உதவும். அதற்கு மேல் போட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம். இரண்டும் வேண்டுமென்றால் சீலன்ட் முதலில், அது இறுகிய பிறகு மேலே வேக்ஸ். மாற்றிப் போட்டால் சீலன்ட் மெழுகின் மேல் நிற்காது. நிழலில் நிற்கிற வண்டிக்கு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே தேய்க்கத் தயார் என்றால் வேக்ஸே போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அப்புறம், போடப்போகிற டப்பாவைப் பிரிக்கும் முன்னால் கையில் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் கோணினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

பில்லை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். ‘வாட்டர் வாஷ், பாலிஷ்’ என்று மட்டும் இருக்கிறது, சீலன்ட் என்ற பேச்சே இல்லை. நல்லவேளை, விலையும் ஒரு வருஷக் கியாரண்டியும் சொல்லி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரைக்கான புகாருக்குக் கட்டணம் கிடையாது. பாதி விலைக்கு இன்னொரு லேயர் போட்டுத் தருவதாக நேற்று கடையிலிருந்து போன் வந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.