பட்டியலில் இல்லாத பெயரும் பிள்ளையைத் தேடிப் போகிறவனும்

சிறுபோக வெட்டு முடிந்த கிழமை முழுக்க எனக்கும் பெறாமகனுக்கும் ஒரே வாக்குவாதம். கணினி விளையாட்டுகளில், கதையைத் தொடங்கி வைக்கிற விதத்தில் ஸ்கைரிமை அடிக்க ஆளில்லை என்கிறான் அவன். நான் விச்சர் 3 பக்கம். முரசுமோட்டையில் அவன் அறையில் இருந்து இரண்டையும் முடித்தவன் நான். அதனால் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன். விளையாடாதவர்கள் கவனம், முடிவு வரை சொல்லப் போகிறேன்.

2011இல் வந்த ஸ்கைரிமில் கண் விழிக்கும்போதே கை கட்டியிருக்கிறது, வண்டிலில் கொண்டுபோகிறார்கள். எதிரில் வாய் கட்டப்பட்ட கலகத் தலைவன் உல்ஃப்ரிக், கூடவே ஒரு குதிரைக் கள்ளன். ஹெல்கன் என்ற ஊரில் இறக்கிப் பெயர் கூப்பிடுகிறார்கள். கள்ளன் ஓடுகிறான், அம்பு பட்டு விழுகிறான். எங்கள் முறை வருகிறது. ஹட்வார் என்ற சிப்பாய் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த ஆளின் பெயர் இதில் இல்லையே, என்ன செய்ய என்று கப்டனிடம் கேட்கிறான். பட்டியலை விடு, தலை வெட்டக் கொண்டுபோ என்கிறாள் அவள். பட்டியலில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்த வீடுகள் எங்களுடையவை. அந்த இடத்தில் என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குறை. டிராகன் வந்து தலை தப்புகிறது. இன்னொரு டிராகனைக் கொன்றதும் அதன் ஆன்மா எங்களுக்குள் இறங்குகிறது, நீதான் டிராகன்போர்ன், டிராகன் ஆன்மாவோடு பிறந்தவன் என்கிறார்கள். பலம் கிடைத்துவிட்டது, ஆனால் ஏன் போகவேண்டும்? விதி. வேறு பதில் இல்லை. "அந்த வெறுமைதான் சித்தப்பா நல்லது, காரணத்தை நாங்களே வைக்கலாம்" என்கிறான் இவன். வைக்கலாம்தான். ஆனால் நாங்கள் வைத்த காரணத்தை அந்த உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லையே!

விச்சர் 3 (2015) காரணத்தை முதலே கையில் தருகிறது. நாங்கள் விளையாடுகிற நாயகன் ஜெரால்ட். அவன் தேடுவது சிரியை. பெற்ற மகள் இல்லை, வளர்த்த பிள்ளை. படைகள் மிதித்துப் போன வெலன் நாட்டில், கோட்டையைப் பிடித்து வைத்திருக்கும் பரன் என்ற பிரபு அவளைக் கண்டிருக்கிறான். ஆனால் சும்மா சொல்லமாட்டான், காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் முதலில் கண்டுபிடி என்கிறான். போகப் போகத்தான் தெரிகிறது, அவர்கள் ஓடியதே இவனுடைய அடிக்குப் பயந்து. குறைமாதத்தில் இறந்து, பெயரும் வைக்காமல் புதைத்த சிசு பிசாசாகி நிற்கிறது. வழி முழுக்கப் பேய்கள் மறிக்க, பரன் அதைக் கையில் ஏந்தி நடக்கிறான். வீட்டு வாசற்படியில் பெயர் வைத்துப் புதைக்கிறான். தேடுகிற தகப்பன் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒருவனால் மற்றவனை அளக்க வைக்கிறார்கள். இதற்கு நிகரான இடம் ஸ்கைரிமில் இல்லை.

பெறாமகன் விடவில்லை. "பிள்ளையைத் துரத்துறாங்கள், இந்தாள் கடையில இருந்து குவெண்ட் சீட்டு விளையாடுது. இதென்ன தேடல்?" பலரும் சொல்கிற குறைதான், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் பந்தல் போட்டு இருந்த அம்மாக்களும் சமைத்தார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இருந்தார்கள். வருசக்கணக்கான தேடல் ஓட்டமாக இருக்காது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்: கதைக்குள் எல்லோரும் "கெதியா, கெதியா" என்று சொல்லிக்கொண்டிருப்பது பிழை. அதே 2017இல் வந்த இன்னொரு விளையாட்டு, செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட், இதைச் சுலபமாகத் தீர்த்தது. அதன் நாயகன் லிங்க் எழும்பும்போதே நூறு வருசம் போய்விட்டது. இளவரசி செல்டா அவ்வளவு காலமும் தனியாகக் கனன் என்ற அரக்கனைத் தடுத்து வைத்திருக்கிறாள், இன்னும் நாலு நாள் நாங்கள் அலைந்தாலும் கதை கோணாது.

முடிவிலும் என் வாக்கு விச்சருக்கே. ஸ்கைரிமில் யார் விளையாடினாலும் கடைசி எதிரியான டிராகன் அல்டுயின் சாவான். இங்கே, சிரி மனம் உடைந்திருக்கும் நேரத்தில் ஜெரால்ட் என்ன செய்தான் என்பதையும் கணக்கெடுக்கிறார்கள். குடிக்கக் கொடுத்துத் தேற்றினானா, வெளியே கூட்டிப்போய்ப் பனிப்பந்து எறிந்து விளையாடினானா? பெறாமகனுக்கு முதல் தடவை சிரி திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்:

"பனி எறிஞ்சு விளையாடாததுக்கா சித்தப்பா?"

அதுக்கும்தான் என்றேன்.